மலை, மூடுபனி, ஹெலிகாப்டர்: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது திருநகரில் இருக்கிறேன். நான் பைலட் இல்லை. ஆனாலும் எங்காவது மலைப்பக்கம் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தால் அன்று சாயங்காலமே தெருவில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள், அப்புறம் உறவினர்கள் போன் போடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் புரிய எளிதாக இருக்கும்.

"அண்ணே, ஹெலிகாப்டர்னாலே ஆபத்துதானா? எஞ்சின் நின்னா கல்லு மாதிரி விழுந்துருமாமே?"

விழாது. எஞ்சின் நின்றதும் பைலட் இறக்கைகளின் சாய்வைக் குறைத்துவிடுவார். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே மேலே இருக்கும் பெரிய இறக்கையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரையை நெருங்கியதும், அந்தச் சுழற்சியில் மிச்சமிருக்கும் வேகத்தை வைத்து மெதுவாக இறக்கிவிடலாம். ஹெலிகாப்டர் பைலட் ஒவ்வொருவருக்கும் இது அடிப்படைப் பயிற்சி. பெரிய ஹெலிகாப்டர்களில் எஞ்சினும் இரண்டு இருக்கும். ஒன்று நின்றால் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலையில் நடக்கும் பல பெரிய விபத்துகளில் எந்திரம் கடைசி நொடி வரை நன்றாகவே ஓடியிருக்கிறது. பைலட்டுக்கு வெளியே தெரியாமல் போனதுதான் அங்கே பிரச்சினை.

"மேகம்னா வெறும் ஈரக்காத்துதானே சார், அதுக்குள்ள போனா என்ன ஆயிரும்?"

மேகம் எதையும் உடைக்காது. ஆனால் உள்ளே போனவருக்குப் பாறை, மரம், மின்கம்பி எதுவும் கண்ணில் படாது. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஹெலிகாப்டர் ஒரு நொடியில் ஏறத்தாழ 60 மீட்டர் போய்விடும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர். அதைவிட அதிகமான தூரம் ஒரே நொடியில் போய்விடுகிறது.

500 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் அது தாராளம். ஹெலிகாப்டரில் எட்டு நொடிதான். அதற்குள் எதிரே இருப்பதைப் பார்த்து, அது மலைதான் என்று புரிந்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுத்துத் திருப்பியும் ஆக வேண்டும்.

"கீழ வத்தலக்குண்டுல வெயில் சுள்ளுனு அடிக்குது, மேல கொடைக்கானல்ல மட்டும் எப்படித் திடீர்னு மூடுது?"

காற்று மலைச்சரிவில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏறக் குளிரும். ஈரம் துளியாகாத வரை காற்று 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் குளிர்ந்தால் அதிலிருக்கும் ஈரம் துளியாகிவிடும். கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது மேகம், மேலே நிற்கிறவருக்கு அதுவே மூடுபனி.

இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (எந்தக் குளிரில் காற்றின் ஈரம் துளியாகுமோ அந்த வெப்பநிலைக்கும்) உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் என்று பெருக்க வேண்டும். அடிவாரத்தில் 30 டிகிரி, பனிநிலை 22 டிகிரி என்றால் வித்தியாசம் எட்டு. அப்படியானால் தரையிலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பாகம் தொடங்கிவிடும். கொடைக்கானல் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் நல்ல வெயிலாக இருக்கும் அதே நேரத்தில் பெருமாள்மலைப் பக்கம் கை நீட்டினால் விரல் தெரியாமல் இருப்பது இப்படித்தான்.

தூண் பாறைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வேலியோரம் நின்று மூன்று பாறைகளையும் பார்த்துக்கொண்டிருப்போம். பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஒன்று மேலேறி வரும். முதலில் பாறையின் அடி மறையும், அப்புறம் இடுப்பு, போட்டோ எடுக்கப் போனைத் தூக்குவதற்குள் மொத்தமும் காணாமல் போயிருக்கும். இத்தனைக்கும் காற்று பலமாக அடித்திருக்காது, மழையும் இருக்காது. "10 நிமிஷத்துக்கு முன்னால கேட்டப்ப கிளியரா இருந்துச்சே" என்பதை மலையில் நம்ப முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று பழனி மலைக்கும் நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கும் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும் காலம்.

"அப்ப மழை பெஞ்சா ஹெலிகாப்டர் ஓட்டவே கூடாதா?"

சாதாரண மழையால் ஹெலிகாப்டருக்கு ஒன்றும் ஆகாது. மழையோடு சேர்ந்து பார்வை குறைவதும், இடிமேகத்துக்குள் காற்று ஹெலிகாப்டரைக் கீழே அமுக்குவதும்தான் ஆபத்து. இடிமேகம் என்றால் சுற்றிப் போக வேண்டும், இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும்.

"இருபது வருஷம் ஓட்டுன பைலட்டுக்கு எது மேல எது கீழன்னு தெரியாமப் போகுமா? நம்புற மாதிரி இல்லையே."

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை விட்டு ஒரே சீராக, மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். முதலில் சுற்றுவது நன்றாகத் தெரியும். 20 நொடி போனால், சுற்றுவது நின்றுவிட்டது போல இருக்கும். அப்புறம் நாற்காலியை நிஜமாகவே நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றுவதாக உடம்பு சத்தியம் செய்யும். விமானிகளுக்கு இதையே ஒரு தனி நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுவார்கள். 1914-இல் நோபல் பரிசு பெற்ற மருத்துவர் ராபர்ட் பாரானியின் பெயரால் அதை பாரானி நாற்காலி என்பார்கள்.

காதுக்குள் அரைவட்ட வடிவில் மூன்று குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் திரவத்தின் அசைவை வைத்துத்தான் நாம் திரும்புகிறோமா என்று மூளை தெரிந்துகொள்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும், உணர்வு அடங்கிவிடும். மிக மெதுவான சாய்வு என்றால் முதலிலேயே தெரியாது. தரையில் இந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கண் சரிசெய்துவிடுகிறது. மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையே இல்லை. அப்போது காது சொல்வதுதான் உண்மை என்று மூளை எடுத்துக்கொள்ளும்.

இருபது வருட அனுபவம் இந்தக் காதை மாற்றாது. பழகப் பழகப் போய்விடும் பயமும் இல்லை இது. உடம்பின் அமைப்பே அப்படி.

"அதான் பைலட் முன்னால அத்தனை கருவி இருக்கே. அதைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதானே?"

ஓட்டலாம். அதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு, அதை விடாமல் செய்துகொண்டும் இருக்க வேண்டும். கஷ்டமெல்லாம் மாறும் அந்த நேரத்தில் இருக்கிறது. அதுவரை வெளியே மலையையும் பள்ளத்தையும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நொடியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் நம்ப வேண்டும். "வலது பக்கம் சாய்கிறோம்" என்று உடம்பு கத்தும், "நேராகத்தான் இருக்கிறது" என்று கருவி காட்டும். அந்தச் சண்டையில் கருவி பக்கம் நிற்பது லேசில்லை. போதாக்குறைக்கு, ஹெலிகாப்டர் தானாக நிலைத்து நிற்கும் எந்திரமும் இல்லை. தானியங்கிக் கருவி துணைக்கு இல்லாவிட்டால், கையை எடுத்த சில நொடிகளில் சாயத் தொடங்கிவிடும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவியை வைத்து ஓட்டிப் பழகாத 20 பைலட்டுகளை, வெளியே தெரியாதபடி மறைத்துச் சிறிய விமானம் ஓட்டவைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக ஆன நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அது விமானம், தானாக ஓரளவு நிலைத்துப் பறக்கக்கூடியது.

2020 ஜனவரி 26-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே கலபாசஸ் மலையில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த விபத்தும் இந்த வகைதான். 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாகப் பைலட் ரேடியோவில் சொன்னார். அதே நேரத்தில் ஹெலிகாப்டர் இடது பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஏறுவதாகத்தான் அவர் உடம்பு அவருக்குச் சொல்லியிருக்கும்.

"மேகத்துக்கு மேல ஏறிட்டா தீர்ந்துச்சே?"

ஏறுவது சரியான வழிதான், முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால். மலைப்பகுதியில் கருவிகளை வைத்துப் பறக்கும்போது சுற்றிலும் 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான இடத்தைவிட 2,000 அடியாவது மேலே இருக்க வேண்டும் என்பது உலகப் பொது விதி. பழனி மலையின் உச்சியான வந்தரவு 2,533 மீட்டர், அதாவது 8,300 அடி. அதோடு 2,000 சேர்த்தால் 10,300 அடியைத் தாண்டுகிறது. பள்ளத்தாக்கில் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தவர், ஒன்றும் தெரியாத நிலையில், இரு பக்கமும் மலை இருக்க, அத்தனை உயரம் ஏற வேண்டும்.

சரி, ஏறியாயிற்று. எப்படி இறங்குவது? விமான நிலையத்தில் என்றால் கருவி உதவியோடு இறங்கும் வசதி இருக்கும். மதுரையில் உண்டு. மலை மேல் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பில் வட்டமும் 'எச்' எழுத்தும் போட்ட இறங்குதளத்தில் அதெல்லாம் கிடையாது. மேகத்தின் மேலே வந்தவர் மலை ஊரை மறந்துவிட்டுச் சமவெளி விமான நிலையத்துக்குத் திரும்புவதுதான் நியாயமான முடிவு. 2024 மே 19-இல் ஈரான் அதிபர் ரைசி சென்ற ஹெலிகாப்டர் மூடுபனி மலையில் மோதியபோது, கூடவே போன மற்ற இரண்டு ஹெலிகாப்டர்களும் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பின.

"ஜிபிஎஸ், ரேடார்னு இவ்வளவு வந்த பிறகுமா?"

ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஜிபிஎஸ் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். உயரமானி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். ரேடியோ உயரமானி நேர் கீழே தரை எவ்வளவு தூரம் என்று சொல்லும், ஆனால் முன்னால் பார்க்காது. செங்குத்தான சரிவை நோக்கிப் போகும்போது கீழே 300 மீட்டர் இடைவெளி காட்டிக்கொண்டே இருந்து, கடைசி நொடிகளில் சரசரவென்று குறையும்.

நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி என்று ஒன்று உண்டு. மலைகளின் வரைபடத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு "முன்னால் மலை" என்று குரல் கொடுக்கும். இந்த வகைக் கருவி வந்த பிறகுதான் பெரிய பயணிகள் விமானங்கள் மலையில் மோதுவது வெகுவாகக் குறைந்தது. ஹெலிகாப்டருக்கும் அது இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. கலபாசஸில் விழுந்ததில் இல்லை. இன்னொன்று, பள்ளத்தாக்கில் தாழ்வாகப் பறந்தால் அது ஓயாமல் கத்தும். அதனால் அணைத்து வைக்கும் பழக்கமும் வந்துவிடும். கத்துகிறது என்று எச்சரிக்கையை அணைப்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது.

"கீழ இருக்கிற கண்ட்ரோல்ல பார்த்து 'முன்னாடி மலை'ன்னு சொல்ல மாட்டாங்களா?"

ரேடார் அலையும் ரேடியோ அலையும் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால், தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டர் அவர்கள் திரையில் விழாது. கோபி பிரையன்ட் ஹெலிகாப்டரிடமும் கட்டுப்பாட்டு அதிகாரி, தொடர்ந்து கண்காணிக்க முடியாத அளவுக்குத் தாழ்வாகப் பறப்பதாகத்தான் சொன்னார்.

"ராத்திரியில பார்க்கிற கண்ணாடி போட்டுக்கிட்டா மேகத்துலயும் தெரியாதா?"

தெரியாது. அந்தக் கருவி இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். துளிகள் அடைத்து நிற்கும் இடத்தில் பெருக்கினால் வெறும் சாம்பல் நிறம்தான் கிடைக்கும்.

"பள்ளத்தாக்கு வழியா, ரோட்டைப் பார்த்துக்கிட்டே மெதுவாப் போயிடலாம்ல?"

நம்ம ஊர் ஆட்கள் அதிகம் சொல்லும் யோசனை இது. வத்தலக்குண்டிலிருந்து மலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பள்ளத்தாக்கு உள்ளே போகப் போகக் குறுகும், தரை உயரும், மேலே மேகத்தின் அடிப்பாகம் அதே உயரத்தில் இருக்கும். மூன்றும் ஓரிடத்தில் சந்தித்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப இடம் இருக்காது.

திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? முன்பு சொன்ன அதே 220 கிலோமீட்டர் வேகத்தில் 20 டிகிரி சாய்த்துத் திருப்பினால், வட்டத்தின் குறுக்களவு 2 கிலோமீட்டருக்கு மேல் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் வட்டம் கால்வாசியாகிவிடும், ஏறத்தாழ அரை கிலோமீட்டர். அதனால் பார்வை குறையத் தொடங்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு மட்டுமே இருக்கும் சலுகை இது, விமானத்தால் முடியாது. மெதுவாகப் போகச் சொன்ன யோசனை சரிதான். எந்த இடத்தில் திரும்புவது என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தால்.

சாலையை ஒட்டித் தாழ்வாகப் போனால் கம்பிகளும் இருக்கும். 2025 மே மாதம் உத்தரகாசி மாவட்டத்தில் கங்நானி அருகே ஒரு ஹெலிகாப்டர் சாலையில் இறங்க முயன்றபோது மேலே போன கேபிளில் இறக்கை பட்டதாக முதல்கட்ட அறிக்கை சொல்கிறது. 6 பேர் இறந்தார்கள்.

"சித்தப்பா, குன்னூர்ல நடந்தது நிஜமாவே விபத்துதானா? சதின்னு வாட்ஸ்அப்ல வருதே."

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேரோடு எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் காலை 11.48-க்கு சூலூரிலிருந்து கிளம்பியது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார்.

ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. கறுப்புப் பெட்டியில் பதிவானவற்றையும் சாட்சிகளையும் ஆராய்ந்து, எந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றும் இல்லை என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதியது. இதுதான் முடிவு. ரயில் தண்டவாளத்தில் நின்றவர்கள் எடுத்த காணொளியில் ஹெலிகாப்டர் வெள்ளைக்குள் போய் மறைவதையும், அடுத்துச் சத்தம் கேட்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். மேலே மூடுபனி பற்றியும் காது பற்றியும் சொன்னவற்றோடு வைத்துப் பார்த்தால், விளக்க முடியாத மர்மம் எதுவும் இதில் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சாதாரணக் காரணத்தால் போவாரா என்று மனசு கேட்கிறது, எனக்கும் கேட்டது. மேகத்துக்குப் பதவி தெரியாது.

"அப்புறம் 2024-ல 'மனிதத் தவறு'ன்னு சொன்னாங்களே. செத்தவங்க மேல பழியைப் போட்டுட்டாங்களா?"

2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் அந்த விபத்துக்குக் காரணம் 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று இருந்தது. பலர் இதை முதல் அறிக்கைக்கு முரண் என்று நினைத்தார்கள். முரண் இல்லை. விபத்துகளை வகை பிரிக்கும்போது எந்திரக் கோளாறு, பறவை மோதியது, மனிதத் தவறு என்று சில கட்டங்கள்தான் இருக்கும். நல்ல நிலையில் இருந்த எந்திரம் மலையில் மோதினால் அது மனிதத் தவறு என்ற கட்டத்தில்தான் விழும்.

பழி வேறு, காரணம் வேறு. அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தால்தான் தப்பு. அந்தப் பைலட்டுக்கு வழியில் வானிலை சொல்ல யார் இருந்தார்கள், எங்கே திரும்புவது என்று விதி இருந்ததா, மேகத்துக்குள் மாட்டினால் என்ன செய்வது என்று கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தார்கள் என்று எல்லா விபத்திலும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் அடுத்த ஹெலிகாப்டர் பிழைக்கும்.

"திரும்பி வர்றதுல என்னங்க கஷ்டம்? உயிரைவிடவா?"

இங்கே உட்கார்ந்து பேசும்போது ஒரு கஷ்டமும் இல்லை. மேலே இருக்கும்போது ஊர் இன்னும் ஐந்து நிமிடத் தூரம்தான் என்று தெரியும். கீழே ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரிய ஆளாக இருப்பார். மூடுபனி ஒரே சுவராக வந்து நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒவ்வொரு நிமிடமும் "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று தோன்றவைக்கும். விதிப்படி ஹெலிகாப்டரின் கேப்டன் எடுப்பதே இறுதி முடிவு. மனசுக்குள் அது அவ்வளவு சுலபமாக இருக்காது.

2009 செப்டம்பர் 2-இல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்ட நிகழ்ச்சிக்குக் கிளம்பினார். நல்லமலைக் காட்டுக்கு மேலே கடும் மழைமேகம். எண்ணெய் அழுத்தம் பற்றிய ஓர் எச்சரிக்கைக்காகக் கையேட்டைத் தேடுவதில் பைலட்டுகளின் கவனம் பல நிமிடங்கள் போய்விட்டது. அதற்குள் மோசமான வானிலைக்குள் வந்துவிட்டார்கள். கீழே அமுக்கிய காற்றில் கட்டுப்பாடு போய், 5 பேரும் இறந்தார்கள். எச்சரிக்கை வந்ததுமே "முதலில் திரும்புவோம், அப்புறம் கையேட்டைப் பார்ப்போம்" என்றிருந்தால் என்று அந்த அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஹெலிகாப்டரின் ஆகப் பெரிய பாதுகாப்பு, அது எங்கு வேண்டுமானாலும் இறங்கும் என்பது. மலை மூடினால் வத்தலக்குண்டு பக்கம் ஒரு தரிசில் இறங்கி, அரை மணி நேரம் உட்காரலாம். ரோட்டில் கார் அனுப்பச் சொல்லலாம். விமானத்துக்கு இந்த வசதி கிடையாது. இந்த வசதியைப் பயன்படுத்தாமலே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் பைலட் மட்டும் இல்லை, "எப்ப வருவீங்க" என்று கீழே இருந்து ஓயாமல் கேட்கிற நாமும்தான்.

"எங்க ஊருக்குத் தலைவர் ஹெலிகாப்டர்ல வர்றார். கமிட்டிக்காரங்க நாங்க என்ன செய்யணும்?"

முதலில், வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று மேடை போடும் அன்றே முடிவு செய்யுங்கள். சாலை வழியாக வருவதற்குக் கார், மாற்று நேரம் இரண்டும் தயாராக இருக்கட்டும். அடிவாரத்தில் எங்கே இறங்கினாலும் போய் அழைத்துவர ஒரு வண்டி நிற்கட்டும். பைலட்டுக்கு "வேற வழி இருக்கு" என்று தெரிந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

வானிலை கேட்டு போன் வந்தால் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். "லேசாத்தான் மூடியிருக்கு, வந்துரலாம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் குன்று தெரிகிறதா, இந்த டவர் தெரிகிறதா, எவ்வளவு தூரம் என்று மட்டும் சொன்னால் போதும். வரலாமா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

"அம்மாவை கேதார்நாத் கூட்டிட்டுப் போறேன். ஹெலிகாப்டர்ல ஏறலாமா, வேணாமா?"

ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறையும், ஆகவே உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். 2022 அக்டோபர் 18-இல் மூடுபனியில் விழுந்து 7 பேர் இறந்ததில் தமிழ்நாட்டு யாத்திரிகர்களும் இருந்தார்கள். 2025 ஜூன் 15 அதிகாலையில் கௌரிகுண்ட் அருகே மறுபடியும் 7 பேர், அன்றும் பார்வை சரியில்லை. காலையில் போனால் பயமில்லை என்று யாராவது சொன்னால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

நான் என் வீட்டில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். திரும்பும் ரயிலுக்கு முன்னால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தை ரத்து செய்தால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். மலை மூடியிருக்கும்போது அவர்களே ஏறச் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. டோலியும் குதிரையும் அங்கே இருக்கின்றன.

"மதுரையிலேர்ந்து கொடைக்கானலுக்கு ஹெலிகாப்டர் சேவை வந்தா நல்லதுதானே?"

வந்தால் வரவேற்பேன், சில நிபந்தனைகளோடு. மலை மேலும் வழியிலும் தானியங்கி வானிலை நிலையமும் கேமராவும் வைத்து, கிளம்பும் முன் பைலட் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும். எந்த அளவுக்குக் கீழே பார்வை போனால் பறப்பதில்லை என்பதை டிக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். ரத்தானால் முழுப் பணமும் உடனே திரும்பி வர வேண்டும், பைலட்டின் சம்பளத்தில் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. ஜிபிஎஸ்ஸை இன்னும் துல்லியமாக்கும் நமது ககன் செயற்கைக்கோள் அமைப்பின் உதவியோடு மும்பை ஜூஹுவிலிருந்து புனேவுக்கு ஹெலிகாப்டரைக் கருவி வழித்தடத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மலை ஊர்களுக்கும் அப்படி வழித்தடம் வகுக்க முடியும். இதெல்லாம் இல்லாமல், ஒரு மைதானமும் ஒரு ரிப்பனும் போதும் என்றால் நான் மலைப்பாதை பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்.

"விழுந்த பிறகு கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?"

மோதியதும் செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் பெட்டி ஒன்று உண்டு. மோதலில் அதன் ஆன்டெனா உடைந்தாலோ தீப்பிடித்தாலோ பயனில்லை. எந்த மூடுபனி விழவைத்ததோ அதே மூடுபனி தேடப் போகிறவர்களையும் தடுக்கும். ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் மறுநாள்தான் கிடைத்தது. 2011 ஏப்ரல் 30-இல் தவாங்கிலிருந்து கிளம்பிய அருணாசல முதல்வர் டோர்ஜி காண்டுவின் ஹெலிகாப்டர் மே 4-இல்தான் கிடைத்தது.

"சிறுமலை, மேகமலைப் பக்கம் எங்க கண்ணு முன்னாடியே இப்படி ஒண்ணு நடந்தா?"

முதலில் 112-க்கும் 108-க்கும் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு, எந்த ஓடை, எந்த எஸ்டேட், எந்த வளைவு என்று அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்கள். எரிபொருள் கசிந்துகொண்டிருக்கும், பீடி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். தீ இருந்தால் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். இறக்கை சுற்றிக்கொண்டிருந்தால் நிற்கும் வரை நெருங்க வேண்டாம், வால் பக்கம் போகவே கூடாது. உயிரோடு இருப்பவரை, தீ நெருங்கினால் மட்டும் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கழுத்தை அசைக்காமல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். நஞ்சப்பசத்திரத்து மக்கள் வீட்டிலிருந்த கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவர அவை உதவின. பிறகு ராணுவம் அந்தக் கிராமத்தை ஓராண்டுக்குத் தத்தெடுத்துக்கொண்டது.

சிதறிக் கிடப்பதில் ஒரு திருகாணியைக்கூட எடுக்காதீர்கள், இடம் மாற்றவும் செய்யாதீர்கள். காணொளி எடுத்திருந்தால் வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், அசலை அப்படியே போனில் வைத்திருந்து போலீஸிடம் கொடுங்கள். அதில் கேட்கும் எஞ்சின் சத்தமும், பின்னால் தெரியும் மேகத்தின் உயரமும் விசாரிப்பவர்களுக்கு வேண்டியிருக்கும்.